மாதிரி விமானமும் அளவிடைப் பாடமும்

விளையாட்டுப் பொருள்கள் என்று கருதி நாம் ஒதுக்கிவிடுவன பல, உற்று நோக்குங்கால், நல்ல கல்விக் கருவிகளாக விளங்குகின்றன. பம்பரம் சுழற்சியைக் கற்பிக்கின்றது. பட்டம் காற்றின் விசையைக் கற்பிக்கின்றது. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது பிளாஸ்டிக்கினாலான மாதிரி விமானம். இக்கல்லூரியிற் கற்று வெளியேறிய யாம், ஹற்றனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையிற் கணிதம் கற்பித்து வருகின்றோம். அங்கு எம் மாணாக்கரோடு கூடி, இரண்டாம் உலகப் போரில் இலங்கையின் கடல்மீது பறந்த விமானமொன்றின் மாதிரியை அமைத்தோம். அதனால் விளைந்த கணிதப் பாடத்தையும் சரித்திரப் பாடத்தையும் இவ்விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

பெட்டியும் அதனுள் இருந்தவையும்

ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவனுக்குக் கொழும்பில் தொழில் புரியும் தாய்மாமன் அனுப்பிய பெட்டி அது. பெட்டியின் மேல் கடலை ஒட்டிப் பறக்கும் கற்றலினா என்னும் விமானத்தின் வண்ணப்படம் இருந்தது. உள்ளேயோ விமானம் இல்லை. சாம்பல் நிறச் சட்டகங்களில் இலைகாம்புபோல் ஒட்டிய நூற்றுக்கு மேற்பட்ட சிறு துண்டுகளும், ஒரு விளக்கத்தாளும், நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படங்களுமே இருந்தன. “இதில் ஒன்றுமே இல்லையே, சேர்” என்று அம்மாணவன் முகம் வாடினான். எல்லாம் இருக்கின்றன, சேர்ப்பதே நம் வேலை என்று தேற்றினோம்.

இத்தகைய பெட்டிகளின் வரலாறு நீண்டதன்று. இங்கிலாந்தில் 1939இல் நிக்கலஸ் கோவ் என்பவர் நிறுவிய எயார்பிக்ஸ் என்னும் நிறுவனம் முதலிற் காற்றடைத்த இறப்பர் விளையாட்டுப் பொருள்களையும், பின்னர்ச் சீப்புகளையுஞ் செய்தது. 1952இல் பழைய பாய்க்கப்பல் ஒன்றின் மாதிரியையும், 1953இல் ஸ்பிற்பயர் போர்விமானத்தின் மாதிரியையும் மலிவு விலையில் வெளியிட்டது. அதன்பின் உலகெங்கும் சிறுவர் இக்கலையிற் புகுந்தனர். இப்பெட்டிகளுட் பலவற்றில் 1/72 என்னும் பின்னம் அச்சிடப்பட்டிருக்கும். இதுவே அளவிடை. மெய்யான விமானத்தின் 72 அங்குலம் மாதிரியில் ஓர் அங்குலம் ஆகின்றது. 72 அங்குலமென்பது ஆறடி. ஆகவே ஆறடி உயரமுள்ள ஒருவர் இம்மாதிரியின் அருகே ஓரங்குலமாக நிற்பர். நினைவிற்கொள்ள எளிதான இவ்வளவிடை அடி, அங்குலக் கணக்கிற் பிறந்ததாகும்.

இவ்வளவிடை போர்க்காலத்தில் விளையாட்டாக மாத்திரம் இருந்ததில்லை. 1942இல் ஐக்கிய அமெரிக்காவின் கடற்படை, உயர்நிலைப் பாடசாலை மாணாக்கரிடம் ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களை மரத்திற் செதுக்கித் தருமாறு வேண்டிற்று. அவை கறுப்பு வண்ணந் தீட்டப்பட்டு, பகை விமானம் இது, நட்பு விமானம் இது என்று படைவீரர் இனங்காணப் பழகுவதற்குப் பயன்பட்டன. 1/72 அளவிடையில் அமைந்த மாதிரியை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், மெய்யான விமானம் ஏறத்தாழ அரை மைல் தூரத்தில் தோன்றுவதுபோலத் தோன்றும். 35ஐ 72ஆற் பெருக்கி, மைலுக்கு 5,280 அடி என்று கொண்டு வகுத்துப் பார்க்குமாறு எம் மாணாக்கர்க்குக் கூறினோம். கணக்குச் சரியாக வந்தபோது வகுப்பில் எழுந்த ஆரவாரத்தை எந்தப் பாடநூலும் எமக்கு முன்பு தந்ததில்லை.

நீளம், பரப்பு, கனவளவு

எமது கல்லூரி நாள்களில் கணித ஆசிரியர் ஒருவர் “அலகு எழுதாத விடை அரைவிடை” என்று அடிக்கடி கூறுவர். அவரை நினைந்து, எண்ணையும் அலகையும் சேர்த்தே கரும்பலகையில் எழுதத் தொடங்கினோம்.

கற்றலினாவின் இறக்கை விரிவு 104 அடி, அஃதாவது 31.7 மீற்றர். அதனை 72ஆல் வகுக்க 44 சென்ரிமீற்றர் வரும். மாணாக்கர் அடிமட்டத்தை வைத்து மாதிரியின் இறக்கையை அளந்தனர்; விடை பொருந்தியது. இம்மட்டில் யாவர்க்கும் எளிது. இறக்கையின் பரப்பு 1,400 சதுர அடி, ஏறத்தாழ 130 சதுர மீற்றர். இதனையும் 72ஆல் வகுக்கலாமா என்று வினவியபோது வகுப்பிற் பெரும்பாலோர் ஆம் என்றனர். நீளமும் அகலமும் தனித்தனியே 72 மடங்கு சுருங்குதலால், பரப்பு 72ஐ 72ஆற் பெருக்கிய 5,184 மடங்கு சுருங்கும். விடை ஏறத்தாழ 250 சதுர சென்ரிமீற்றர். அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கத்திலும் சிறிது.

கனவளவு இன்னும் வியப்புத் தருவது. உயரமும் உடன் சுருங்குதலால் அது 3,73,248 மடங்கு குறையும். முழுச் சுமையோடு எழும்பும் கற்றலினாவின் நிறை ஏறத்தாழ 16,000 கிலோகிராம். ஒவ்வொரு பகுதியும் மெய்யான விமானத்திலுள்ள அதே அடர்த்தியோடு சுருங்கியிருப்பின், மாதிரியின் நிறை 43 கிராம் அளவாகும். பதினாறாயிரங் கிலோ ஒரு பிடிக்குள் அடங்குவதைக் கண்டபின், சிற்றெறும்பு தன் நிறையிலும் பன்மடங்கு சுமப்பதும் யானைக்குப் பருத்த கால்கள் வேண்டுவதும் எதனால் என்பதை விளக்குவது எமக்கு எளிதாயிற்று. உருவம் பெருக நிறை மும்மடிப் பெருக்கமாகவும், அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்பு இருமடிப் பெருக்கமாகவும் வளர்தலே காரணம்.

ஒட்டுவதும் திருத்துவதும்

பொலிஸ்டைரீன் என்னும் இப்பிளாஸ்டிக்கிற்குரிய பசை, நாம் தாளுக்கு இடும் பசை போன்றதன்று. அஃது இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக உருகச் செய்கின்றது; உலர்ந்தபின் அவை இரு துண்டுகள் அல்ல. ஆதலால் மிகுதியாக இட்டால் உருவமே கரைந்துவிடும். இவ்வுண்மையை ஒரு சக்கரத்தை இழந்து கற்றோம். கற்றலினாவின் இருபுறத்தும் கண்ணாடிக் குமிழ்போன்ற பார்வைக் கூடுகள் உண்டு. அவற்றை விரைவில் ஒட்டிவிட எண்ணிச் சுப்பர் குளூவை இட்டதும், அதன் ஆவி படிந்து ஒரு கூடு ஹற்றன் மூடுபனிபோல் வெளுத்துவிட்டது. குற்றம் எம்முடையதே. மற்றையதை வெண்பசையால் ஒட்டினோம். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் எம் மலையிற் காற்றின் ஈரம் மிகுதி. வண்ணம் உலர நாட் கணக்கிற் செல்லும். அரிசிப் பானை இறக்கிய அடுப்படியின் வெம்மையில் மாதிரியை வைத்து உலர்த்தலாம் என்று ஒரு மாணவன் கூறினான். பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்பதால் அதனைத் தவிர்த்துப் பொறுமையைக் கைக்கொண்டோம்.

இதன்பின்னரே சரித்திரம் எம் மேசைக்கு வந்தது. யாம் அமைக்க விரும்பியது 1942 ஏப்ரல் 4ஆம் நாள் காலி மாவட்டத்துக் கொக்கலை வாவியிலிருந்து எழுந்த கற்றலினாவை. ஏ.ஜே.155 என்பது அதன் இலக்கம். அது நீரில் மாத்திரம் இறங்கவல்ல பறக்கும் படகு. பெட்டியில் இருந்ததோ நிலத்திலும் நீரிலும் இறங்கவல்ல பிற்கால வகை. அதற்குச் சக்கரங்களும், அவை மடங்கும் குழிகளும் உண்டு. ஆகவே அக்குழிகளை அடைத்து, அரத்தாளால் தேய்த்து மட்டமாக்க வேண்டியதாயிற்று. அடையாள வட்டத்திலும் இத்தகைய சிக்கல் ஒன்று இருந்தது. யப்பானியரின் சின்னம் சிவப்பு வட்டமாகையால், குழப்பம் நேராதிருக்க, இப்பிரதேசத்திற் பறந்த பிரித்தானிய விமானங்களின் சின்னத்திலிருந்து நடுச் சிவப்பு பின்னர் நீக்கப்பட்டது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் அச்சிவப்பு இருந்தது. ஒரு திகதி மாறினால் ஒரு வண்ணம் மாறும். பெட்டி சொல்வதை அப்படியே ஏற்காது, ஆண்டையும் நாளையும் கேட்டுச் சரிபார்க்கும் இப்பழக்கமே சரித்திர ஆராய்ச்சியின் முதற்படி என்பது எம் துணிபு.

1942 ஏப்ரல்

அந்நாளில் நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுவோம். சிங்கப்பூர் 1942 பெப்ரவரியிலும், இரங்கூன் மார்ச்சிலும் யப்பானியர் வசமாயின. கனேடிய வான்படையின் 413ஆம் அணி அப்போதுதான் கொக்கலைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதன் தலைவர்களுள் ஒருவராகிய லெனாட் பேர்ச்சல் ஒன்பதுபேர் கொண்ட குழுவோடு விடியுமுன் புறப்பட்டு, நாள் முழுதும் கடலைத் துருவி, மாலையில் இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 560 கிலோமீற்றர் தொலைவில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டார். எண்ணிக்கையையும் திசையையும் கம்பியில்லாத் தந்தியில் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே பகை விமானங்கள் கற்றலினாவைச் சுட்டு வீழ்த்தின. மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டு 1945 வரை யப்பானிற் கைதிகளாக இருந்தனர். சிறையில் உடனிருந்தோரைக் காத்தமைக்காகவும் பேர்ச்சல் பின்னர்ப் பாராட்டப்பெற்றார். அவர் 2004இல் காலமானார்.

மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அமிழ்ந்தது.

பேர்ச்சல் “இலங்கையைக் காத்தவர்” என்று புகழப்பெற்றார். இப்புகழ்மொழியை எம் மாணாக்கர் அளவிட்டுப் பார்த்தனர். அவர் அனுப்பிய செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல இரவோடிரவாக வெளியேற முடிந்தது. ஆயினும், தாக்குதல் வரக்கூடுமென்று முன்னரே உளவு அறிந்திருந்த கடற்படைத் தளபதி சொமர்வில் பிரதான கப்பற்படையை முன்னமே மாலைதீவின் அத்து பவளத்தீவுக்குக் கொண்டுசென்றிருந்தார். எச்சரிக்கை கிடைத்திருந்தும் இரத்மலானை விமான நிலையத்தில் போர்விமானங்கள் சில தரையிலிருந்தபடியே தாக்குதலுக்கு உள்ளாயின. டோர்செற்சயர், கோர்ண்வால் என்னும் இரு போர்க்கப்பல்கள் அன்றே கடலில் அழிந்தன. ஆகவே தனியொருவர் ஒரு தீவைக் காத்தார் என்பது மிகை. தம் உயிரையும் பாராது தம் கடமையைச் செய்தார் என்பது உண்மை. இரண்டாவதே அவர்க்குப் பெரும் புகழ் என்று யாம் கருதுகின்றோம்.

ஒரு மாணவியின் வினா

விமானம் முற்றுப்பெற்று மேசைமேல் நின்றது. யாவரும் மகிழ்ந்திருந்த வேளையில், பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், இந்தப் பிளேன் பறந்த நேரத்தில எங்க தோட்டத்து ஆளுங்க எங்க இருந்தாங்க?” என்று கேட்டாள். உண்மையைக் கூறுவதாயின், அதற்கு உடனே விடை பகர எம்மால் இயலவில்லை. பேர்ச்சலின் குழுவில் எத்தனைபேர் என்று எமக்குத் தெரிந்திருந்தது. எம் மாணாக்கரின் பூட்டன்மார் அந்த மாதம் என்ன உண்டார்கள் என்பதை யாம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஒரு வார காலம் நூலகத்தையும் முதியோரையும் நாடினோம். விடை சிறிது சிறிதாகக் கிடைத்தது. போருக்குமுன் இலங்கை தான் உண்ட அரிசியிற் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெற்றது. அதில் பர்மா அரிசியே முதன்மையானது. இரங்கூன் வீழ்ந்ததும் அவ்வரிசி நின்றது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது; குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு மூதாட்டியார், “அரிசிக் கப்பல் வராமப் போச்சு, மாவுதான் வந்துச்சுன்னு எங்க ஆத்தா சொல்லுவாங்க” என்று தம் பேர்த்தியிடங் கூறினார். இன்றும் லயத்து அடுப்பிற் காலையில் வேகும் ரொட்டியைக் காணும்போதெல்லாம் இச்சொல் எம் நினைவுக்கு வருகின்றது.

அதே காலத்தில் அத்தோட்டங்களின் தேயிலையைப் பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாகக் கொள்முதல் செய்தது. இங்கிலாந்தில் 1940 யூலை முதல் ஒருவர்க்கு வாரத்துக்கு இரண்டு அவுன்சுத் தேயிலை என்று பங்கீடு விதிக்கப்பட்டிருந்தது. அவ்விரண்டு அவுன்சும் வந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. குண்டு விழாத மலையிலும் போர் இருந்தது. தட்டில் அரிசி குறைந்தது. கூடையிற் கொழுந்து குறையக் கூடாதென்றிருந்தது. தாழ்நிலத்திலும் எளியோர் பாடு இவ்வாறே. கற்றலினாக்களுக்கு இடம் வேண்டிக் கொக்கலைக் கிராமத்தவர் தம் வீடுகளை விட்டுக் குறுகிய அவகாசத்தில் வெளியேற நேர்ந்தது. கொழும்பு றோயல் கல்லூரியின் ஒரு பகுதி பண்டாரவளைக்குப் பெயர்ந்தது; அம்மாணவர் ஏறிச்சென்ற மலையகப் புகையிரதப் பாதை ஹற்றனையும் நானுஓயாவையும் கடந்தே செல்லும்.

ஒரே அளவிடையில் எல்லாம்

வினவிய மாணவிக்கு வேறொரு வேலையையும் கொடுத்தோம்: அவள் வாழும் லயத்தை அதே அளவிடையில் அட்டையினாற் செய்யுமாறு பணித்தோம். வெள்ளையர் காலத்து லயக் காம்பரா ஒன்று பொதுவாகப் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உடையது. பன்னிரண்டடியை 72 அங்குலத்திற்கு ஓரங்குலமாகச் சுருக்க, சரியாக இரண்டு அங்குலம். பத்தடி, ஓரங்குலமும் மூன்றில் இரண்டு பங்கும். ஒரு குடும்பம் பிறந்து, சமைத்து, நோயுற்று, மணஞ்செய்து, மாண்டுபோகும் இடம் ஏறத்தாழத் தீப்பெட்டி அளவாக அவள் உள்ளங்கையில் அடங்கிற்று.

அதனைக் கற்றலினாவின் அருகே வைத்தோம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பத்துக் காம்பராக்கள் அடுத்தடுத்து நின்றன. அப்பாலும் சிறிது இடம் எஞ்சிற்று. பரப்பைக் கணக்கிட்டால், ஒரு காம்பரா 120 சதுர அடி. இறக்கை 1,400 சதுர அடி. ஒரு விமானத்தின் இறக்கைமேற் பதினொரு குடும்பங்களின் வீடுகளைப் பரப்பலாம். இக்கணக்கை மாணாக்கர் தாமே செய்தனர். செய்து முடித்தபின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. ஐந்தடி உயரமுள்ள கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தைக் களிமண்ணிற் செய்து லயத்தின் முன் நிறுத்தினர். அவள் உயரம் 2.1 சென்ரிமீற்றர், விமானி நின்றாலும் ஏறத்தாழ அவ்வளவே.

பாடசாலைக் கண்காட்சிக்கு வந்தோர் முதலில் விமானத்தையே நோக்கினர். அடுத்து அதன் நிழலில் இருந்த சிறு பெட்டிகள் யாவை என்று வினவினர். தம் வீடு என்று அறிந்ததும் குனிந்து நெடுநேரம் பார்த்தனர். தந்தை ஒருவர், “பிளேனுக்கு இவ்வளவு பெரிய றெக்கையா!” என்று வியந்து, மறுகணமே, “இல்ல, நம்ம காம்பராதான் சின்னது” என்றார். அளவிடை என்னும் சொல்லுக்கு இதனினுஞ் சிறந்த விளக்கத்தை யாம் எந்நூலிலுங் கண்டிலேம்.

இதனாற் பெறப்படுவது யாது? அளவிடை நடுநிலையானது. அது விமானத்திற்கு ஒரு நீதியும் வீட்டிற்கு ஒரு நீதியும் வழங்குவதில்லை. ஆனால் எதனை மேசையில் வைப்பது, எதனை வைக்காது விடுவது என்பதை அளவிடை தீர்மானிப்பதில்லை, நாமே தீர்மானிக்கின்றோம். போர்விமானத்திற்குப் பெட்டி விற்கப்படுகின்றது. லயத்திற்கும் மா மூட்டைக்கும் பெட்டி விற்பாரில்லை. அவற்றை நாமே அளந்து, நாமே வெட்டி, நாமே ஒட்டிக்கொள்ளல் வேண்டும். வீரரின் புகழைக் குறைப்பதற்காக யாம் இதனைக் கூறவில்லை. கடலிற் சுடப்பட்ட ஒன்பதுபேரும் மலையிற் பசித்த ஆயிரம் குடும்பங்களும் ஒரே ஏப்ரலில் வாழ்ந்தவர்கள் என்பதை நினைவுகூரவே கூறினோம்.

இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஓர் அளவுநாடாவை உடன் கொண்டுசெல்லுங்கள். உங்கள் வீட்டையும் கிணற்றடியையும் கோயில் முன்றிலையும் அளந்து, 72ஆல் வகுத்து, ஒரு தாளில் வரையுங்கள். உங்கள் ஊரிற் போர்க்காலம் எவ்வாறு கழிந்தது என்று மூத்தோரைக் கேட்டு, அத்தாளின் ஓரத்தில் ஆண்டோடு குறித்துவையுங்கள். அக்காலத்தைக் கண்ணாற் கண்டோர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். பழைய மாணவர்க்கும் ஒரு சொல்: மருமகப் பிள்ளைகளுக்கு மாதிரிப் பெட்டிகளை அனுப்புங்கால் ஓர் அடிமட்டத்தையும் இலங்கைப் படமொன்றையும் சேர்த்து அனுப்புக.

எம் பாடசாலைக் கூடத்தில் அக்கற்றலினா இன்றும் நிற்கின்றது. ஒரு பார்வைக் கூடு இன்னும் மூடுபனி படிந்தபடியே உள்ளது. அதன் இறக்கையின்கீழ்ப் பத்துக் காம்பராக்கள். எண்ணோடு அலகையும் எழுதக் கற்பித்த எமது கல்லூரி பன்னெடுங்காலம் வாழ்க.